பாட்டைக் கேட்க பாட்டுக்காரர் இடத்துக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு சிறு வட்டாரத்து மக்களுக்காகவே நடக்கும் சமுதாய வானொலிகளில் வரும் கலை நிகழ்ச்சிகளைப் பற்றிய கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். கை மெஷினில் இருக்கும்போது போனைப் பார்க்க முடியாது, காது மட்டும் சும்மா இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு இன்றும் ரேடியோதான் துணை. அதனால் சொல்லத் தோன்றியதைச் சொல்கிறேன்.

கட்டுரையில் பாராட்டு நிறைய. சரி, பாராட்டலாம்தான். ஆனால் 'வடசென்னை ஸ்பெஷல்' என்று ஒரு நிலையம் செய்த நிகழ்ச்சியைக் கேட்டேன். எங்கள் பக்கத்துக் கானா பாடகர் இருவரை ஸ்டுடியோவுக்கு அழைத்து, சினிமாவில் வந்த பாட்டையே பாடச் சொன்னார்கள். தொகுப்பாளர் நிமிடத்துக்கு ஒருமுறை "இன்னா நைனா" என்று சிரித்தார். எங்கள் வீட்டில் யாரும் அப்படி இழுத்துப் பேசுவதில்லை. பாட்டு எழுதியவர் பெயர் கடைசிவரை வரவில்லை.

கானாவை மூன்று நிமிடத்தில் அடக்க முடியாது. இறந்தவரின் காரியத்துக்கு முந்தின ராத்திரி, தெருவை அடைத்துப் போட்ட சாமியானாவுக்குக் கீழே வந்து கேட்க வேண்டும். பாடகர் வந்ததும் முதலில் வீட்டுப் பெண்களிடம் உட்கார்ந்து விசாரிப்பார். போனவர் எங்கே வேலை பார்த்தார், எந்தப் பிள்ளை மேல் உயிர், யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். அப்புறம் டோலக் ஏறும், புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியம் சேரும், கேட்டதெல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். பேசாமல் இருந்த தம்பி அங்கேயே உடைந்து அழுவார். நடுநடுவே, எங்கள் பகுதியிலேயே அடங்கிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத் தொடர்வார்கள். விடிந்தால் அந்தப் பாட்டு இருக்காது. மறுபடி பாடச் சொன்னால் அவருக்கே வராது. ஒரு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டாரிடம் கேட்டு அனுமதி வாங்கி, ஓரமாக உட்கார ஆள் வேண்டும். சமுதாய வானொலியின் வேலை அதுதானே?

யூடியூப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அங்கே ஓடுவது பெரும்பாலும் காதல் தோல்விப் பாட்டுதான். அறுபதைத் தாண்டிய மரண கானாக்காரருக்குச் சேனல் ஆரம்பித்துக் கொடுப்பவர் யார்?

விதிகளும் இதற்குச் சாதகமாகவே இருக்கின்றன. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும், முடிந்தவரை உள்ளூர் மொழியிலும் வழக்கிலும் இருக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆகாசவாணியின் செய்தியை எடுத்துப் போடலாமே தவிர, சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. அப்படியிருக்க, மீதி நேரத்தில் ஊர்ப் பாட்டைப் போடாமல் வேறு எதைப் போடுவது? பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது, பேசுவதும் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான். எங்கள் பக்கத்து மீனவர் பகுதியான காசிமேட்டில் மட்டும் பேசத் தெரிந்த பிள்ளைகள் இல்லையா?

வடசென்னை என்றால் கானா மட்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். மணலி என்றதும் எல்லோருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வரும். முத்துசுவாமி தீட்சிதர் இளம் வயதில் வாழ்ந்த ஊர் அது. வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தது ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெரு வீட்டில். திருவொற்றியூரையும் சங்கீதத்தையும் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் போதாது. டிசம்பர் மாதம் வந்தால் சங்கீதம் முழுவதும் மயிலாப்பூருக்குப் போய்விடுகிறது என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

மாநகராட்சியே வானொலி நடத்திய நகரம் இது. 1930இல் ரிப்பன் கட்டடத்திலிருந்து தொடங்கி, 1938இல் அகில இந்திய வானொலி வரும்வரை நடத்தினார்கள். செட் வாங்க முடியாதவர்களுக்காகப் பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். இன்று உரிமம் கேட்கக் கல்வி நிறுவனங்களுக்கு வழி இருக்கிறது. வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி, எங்கள் தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, யாராவது முன்வரட்டும். சமுதாய வானொலியின் சின்ன டிரான்ஸ்மிட்டர் ஐந்து முதல் பத்து கிலோமீட்டர்வரை எட்டும். வியாசர்பாடியில் வைத்தால் காசிமேட்டிலும் கேட்கும், திருவொற்றியூரிலும் கேட்கும். பாடுகிறவர்களுக்குச் சன்மானம் கொடுங்கள், எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள், பதிவின் ஒரு பிரதியை அவர்கள் வீட்டுக்கும் கொடுங்கள்.

பணத்துக்கு என்ன வழி என்று கேட்டால், மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம் என்று 2024இல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். அதில் பத்து நொடி எங்கள் கடைக்கு. பிளவுஸ், சுடிதார், அவசர ஆல்டரேஷன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை