கூட வாசித்தவர்கள் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மைல்ஸ் டேவிஸ் நூற்றாண்டையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு ஜாஸ் கலைஞருக்குத் தமிழில் முழுப் பக்கம் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் 1959இல் அவர் பதிவுசெய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் பற்றி இரண்டு பத்தி எழுதியவர், அதில் கூட வாசித்த ஒருவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

டெனர் சாக்ஸபோன் ஜான் கோல்ட்ரேன், ஆல்டோ கேனன்பால் ஆடர்லி. பியானோ பில் எவான்ஸ். இரண்டாவது உருப்படிக்கு மட்டும் விண்டன் கெல்லி. பேஸ் என்கிற தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியம் பால் சேம்பர்ஸ். டிரம்ஸ் ஜிம்மி காப், அந்தக் குழுவில் கடைசிவரை நம்மோடு இருந்து 2020இல் காலமானவர். டிசம்பர் வந்தால் கச்சேரி விமர்சனத்தில் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று எழுதாமல் விடமாட்டீர்கள். தனி ஆவர்த்தனத்துக்கென்று நாலு வரியாவது இருக்கும். அதே மரியாதையைத்தான் இவர்களுக்கும் கேட்கிறேன்.

நான் கீழக்கரைக்காரன். எண்பதுகளில் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தேன். ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் சென்ட்டும் துணியும் அடுக்குவார்கள். என் பெட்டியில் பாதி கேசட்டாக இருக்கும். அப்போது அங்கே மலிவாகக் கிடைத்ததெல்லாம் கள்ளப் பதிவுகள்தான். உள்ளே இருக்கும் அட்டையில் ஒரு மங்கலான படம், பாட்டுப் பெயர்கள், அவ்வளவுதான். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கேசட்டின் முதல் பாட்டில் பேஸ் தனியாகக் கேள்வி கேட்பதுபோல் வாசிக்கும், மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்வார்கள். அந்தப் பேஸ்காரர் யார் என்று தெரியாமலே வருடக்கணக்காக அவர் வாசிப்பைக் கேட்டேன். பின்னால் மச்சான் ஒருவர் துபாயிலிருந்து சிடி வாங்கி வந்தார். அதோடு இருந்த சின்னப் புத்தகத்தில்தான் பால் சேம்பர்ஸ் என்று படித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கேசட் அட்டையிலும் வாசித்தவர்கள் பெயரை நானே எழுதிவருகிறேன். எங்கள் கடற்கரை உப்புக் காற்றில் நாடாவில் வெள்ளையாகப் பூசணம் பிடித்துவிடுகிறது. சிலிக்கா ஜெல் போட்டு தகர டப்பாவில் வைத்தும் சில போய்விட்டன. அட்டைகளை மட்டும் எறியவில்லை.

அந்தக் கேசட்டையும் சிடியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கேசட்டின் முதல் பக்கத்தில் சுருதி ஒரு மயிரிழை தூக்கலாக இருக்கும், இரண்டாம் பக்கம் சரியாக இருக்கும். டேப் ரிக்கார்டரின் பெல்ட் கோளாறாக இருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? 1959 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவு செய்தபோது மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது, அன்று பதிவான முதல் பக்கத்துப் பாட்டுகள் மூன்றும் வேகம் கூடி இசைத்தட்டுகளில் ஏறிவிட்டன. 1992இல் வந்த மறுவெளியீட்டில்தான் அதைத் திருத்தினார்கள். சுருதியைத் திருத்தவே முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பெயர் திருந்த இன்னும் நேரமாகும். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 1973 ஆல்பத்தில் சொல்லே இல்லாமல் உருகி உருகிப் பாடும் பெண் குரலை ராக் கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அவர் கிளேர் டோரி. அன்றைய கூலி 30 பவுண்ட். அந்தப் பாட்டை உருவாக்கியதில் தனக்கும் பங்குண்டு என்று 2004இல் வழக்குப் போட்டு, மறுவருடம் சமரசமான பிறகுதான் இசையமைத்தவர்கள் வரிசையில் அவர் பெயரும் ஏறியது. 1967இல் பீட்டில்ஸ் ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டுக்குத் தில்ருபாவும் தபலாவும் வாசித்த இந்தியர்களின் பெயர் உறையில் கிடையாது. நம் ஆட்கள் என்பதால் எனக்கு அது கூடுதலாக உறுத்துகிறது.

இப்போது பிள்ளைகள் எல்லாம் போனில் கேட்கிறார்கள். பாட்டுப் பெயரும் ஒரே ஒரு ஆள் பெயரும்தான் திரையில் தெரிகின்றன. பழைய கள்ளக் கேசட் அட்டை மாதிரியேதான். இந்த நிலைமையில் யார் எதை வாசித்தார்கள் என்பதைப் பத்திரிகையில்தான் படிக்க முடியும்.

வரும் செப்டம்பர் 23இல் ஜான் கோல்ட்ரேனுக்கும் நூறு ஆகிறது. நிச்சயம் எழுதுவீர்கள், அவருடைய 'எ லவ் சுப்ரீம்' ஆல்பம் பற்றியும் வரும். 1964 டிசம்பர் 9ஆம் தேதி அதைப் பதிவு செய்தார்கள். இரண்டு வாரத்தில் எங்கள் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. அந்த மாதத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறப்பதில்லை, அதனால் அந்தத் தேதியும் எனக்கு மனதில் நின்றுவிட்டது. கட்டுரையில் பியானோ மெக்காய் டைனர், பேஸ் ஜிம்மி கேரிசன், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடம் போதாவிட்டால் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை.