விற்றதை விற்றது என்றே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் தொடராக வரும், ரோமத் தளபதி சீசரின் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் போர்க்குறிப்புகளின் மொழிபெயர்ப்பை முதல் பகுதியிலிருந்தே படித்து வருகிறேன். சென்ற இதழில் அடுவாதுகி மக்களின் கோட்டை விழுந்த இடத்தில் ஒரு வரி: “போருக்குப் பின் 53,000 பேர் இடம்பெயர்ந்தனர்.”

இடம்பெயர்ந்தனராம்! மூட்டை முடிச்சோடு மாமியார் வீட்டுக்கா போனார்கள்? கி.மு. 57இல் சரணடைந்தவர்கள் அன்றிரவே திருப்பித் தாக்கினார்கள். சுமார் 4,000 பேரைக் கொன்ற பின், மறுநாள் உள்ளே இருந்த அத்தனை பேரையும் சீசர் மொத்தமாக விற்றுவிட்டார். அந்த 53,000, வாங்கிய வியாபாரிகள் தலை எண்ணி வந்து சொன்ன கணக்கு. அவரே இதை எழுதி வைத்திருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. விற்றவருக்கே இல்லாத கூச்சம் மொழிபெயர்ப்பாளருக்கு எதற்கு?

சரி, இது முதல் தடவையும் அல்ல. ரோமப் படையில் சிப்பாய்க் குழுவுக்குத் தலைவனான செஞ்சூரியனைக் ‘கேப்டன்’ ஆக்கியபோதே எழுதினேன். பிரசுரமாகவில்லை. நான் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். செஞ்சூரியன்களில் பெரும்பாலானவர்கள் எங்களைப் போலக் கீழிருந்து ஏறி வந்தவர்கள். கையில் திராட்சைக்கொடித் தடி. சிப்பாய் முதுகில் அடித்து ஒரு தடி முறிந்ததும் “இன்னொன்று கொண்டா” என்று கேட்டே அதையே பட்டப்பெயராக வாங்கிய லூசிலியஸ் என்ற செஞ்சூரியனைப் பற்றி ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். கி.பி. 14இல் நடந்த கலகத்தில் சிப்பாய்களே அவனைக் கொன்றுபோட்டார்கள். தடி தூக்கிய கேப்டனை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. தடியில்லாமலே முதுகை உரிக்கும் சுபேதார்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ் வேதாகமத்தில் ‘நூற்றுக்கு அதிபதி’ என்ற அழகான சொல் இருக்கிறது. எடுத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

அப்புறம், ‘இம்பெராத்தோர்’ என்ற சொல்லுக்கு நீங்கள் போட்ட அந்த ‘பேரரசர் சீசர்’. வென்ற தளபதியைப் படைவீரர்கள் ‘இம்பெராத்தோர்’ என்று முழங்கி வாழ்த்துவது அன்றைய வழக்கம். பேரரசர் என்று சொல்லத்தக்க முதல் ஆள் அகஸ்டஸ். அதற்குள் சீசர் குத்துப்பட்டுச் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. உங்கள் தொடரிலோ முதல் பகுதியிலேயே முடிசூட்டி விட்டீர்கள். வாழ்க!

எனக்கு இப்போதே கவலை, எட்டாம் புத்தகத்தைப் பற்றித்தான். உக்ஸெல்லொடூனம் என்ற கால் நாட்டுக் கோட்டை விழுந்ததும், ஆயுதம் பிடித்தவர்களின் கைகளை வெட்டி, மற்றவர்கள் பார்த்து அஞ்சட்டும் என்று உயிரோடு விட்டார்கள். அந்தப் புத்தகத்தை எழுதிய சீசரின் நண்பர் ஹிர்தியஸ் இதை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறார். நீங்கள் என்ன போடுவதாக உத்தேசம்? ‘கைகளுக்கு ஓய்வளிக்கப்பட்டது’ என்றா?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் ‘இடம்பெயர்ந்தனர் என்பதை விற்கப்பட்டனர் என்று திருத்தி வாசிக்கவும்’ என்று ஒரு வரி போடுங்கள். இடம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தை வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார்,
வேலூர் மாவட்டம்