நீர்வரத்து குறைந்தால் அணை மட்டம் இறங்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை நிலவரத்தைத் தினமும் போடுகிறீர்கள். மொத்த உயரம் 52 அடி, நீர்மட்டம் இத்தனை, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை என்று நாலு வரியில் முடிந்துவிடும் செய்தி. அந்த நாலு வரியை வைத்து ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வாரம் பாடம் நடத்தலாம். நான் நடத்துகிறேன், மற்றவர்களும் நடத்தவேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

கரும்பலகையில் ஒரு கற்பனைக் கணக்கு போடுவேன். நீர்வரத்து திங்கள் 600 கனஅடி, செவ்வாய் 500, புதன் 400. வெளியேற்றம் மூன்று நாளும் 300. அணை மட்டம் என்ன ஆகும் என்று கேட்டால் பாதி வகுப்பு "குறையும் சார்" என்கிறது. குறையாது. வருவது போவதைவிட அதிகமாக இருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஏறுகிற வேகம்தான் குறையும். வரத்தும் 300 ஆகிற அன்றுதான் நிற்கும், அதற்கும் கீழே போனால்தான் இறங்கும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்களிடமே ஆய்வாளர்கள் ஜான் ஸ்டெர்மனும் லிண்டா பூத் ஸ்வீனியும் குளியல் தொட்டியில் நீர் விழுவதையும் வடிவதையும் வைத்து இதே மாதிரி கேட்டுப் பார்த்தார்கள். நிறையப் பேர் நீர் அளவின் வரைபடத்தைத் தவறாகத்தான் வரைந்தார்கள் என்று 2000இல் வந்த அவர்களது ஆய்வு சொல்கிறது.

புரியவைக்கச் செலவே இல்லை. பழைய 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றின் வாயை அறுத்து, முதலிலேயே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுங்கள். ஒரு மாணவி முதல் நிமிடம் ஐந்து டம்ளர், அடுத்து நான்கு, அப்புறம் மூன்று என்று ஊற்றட்டும். ஒரு மாணவன் நிமிடத்துக்கு இரண்டு டம்ளர் மொண்டு எடுக்கட்டும். இன்னொருவர் ஒவ்வொரு நிமிடமும் மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறிக்கட்டும். "கோடு கிட்டக் கிட்ட வருது சார், ஆனா மேலதான் போகுது" என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதன்பிறகு வரைபடத்தாள் கொடுத்தால் போதும். பதினொன்றாம் வகுப்பில் நுண்கணிதம் வரும்போது மிரளமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

அணைக் கணக்கும் உடனே பிடிபடும். வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் வினாடிக்கு 100 கனஅடி வித்தியாசம், ஒரு நாளைக்கு 86,400 வினாடி, ஆக ஒரே நாளில் 86 லட்சத்து 40 ஆயிரம் கனஅடி இருப்பில் சேர்கிறது. வகுப்பில் இதைப் பெருக்கிப் பார்க்கும்போது எழும் சத்தத்தை நீங்கள் கேட்கவேண்டும்!

இது அணையோடு நிற்பதில்லை. ஒரு நல்ல மழை பெய்தால் போர்வெல் தேறிவிடும் என்று நம் மாவட்டத்தில் எத்தனை பேர் நம்புகிறோம்? நிலத்தில் இறங்குவதைவிட இறைப்பது அதிகமாக இருந்தால், மழை பெய்த வருடத்திலும் நிலத்தடி நீர் இறங்கத்தான் செய்யும். கரியமில வாயுவும் அப்படித்தான். உலகம் புகையைக் கொஞ்சம் குறைத்துவிட்டதாலேயே காற்றில் சேர்ந்திருப்பது குறைந்துவிடாது.

உங்களிடம் கேட்பது இதுதான். "நீர்வரத்து சரிவு" என்று தலைப்புப் போடும்போது மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரத்தின் ஏழு நாள் வரத்து, வெளியேற்றம், நீர் இருப்பு மூன்றையும் ஒரு சின்ன அட்டவணையாகப் போடுங்கள். வெட்டி எடுத்துத் திங்கள்கிழமை வகுப்பில் ஒட்டிக்கொள்கிறோம்.

கணித ஆசிரியர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.