ஓராள் நாடகத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நாடகம் நடந்து முடிந்துவிட்டது. கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை.

முதல் நன்றி அரங்கின் காவலாளி ஐயாவுக்கு. கதவுக்கு எண்ணெய் போட்டதற்காக.

இரண்டுபட்டுக் கிடந்த ஊர் மறுபடி பேசத் தொடங்குவதை ஒரே ஆள் நடித்துக் காட்டும் நாடகம் இது. அதை நேரில் அனுபவித்தவர்களும் பார்க்க வருவார்கள். அதனால்தான் தொடங்கும் முன்பே, ‘தாங்க முடியவில்லை என்றால் வெளியே போகலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்’ என்று அறிவிக்கிறோம். கதவு கிறீச்சிட்டால் அந்த அறிவிப்பு வெறும் பேச்சு. பலர் நடிக்கும் நாடகத்தில் அடுத்தவர் வசனம் சத்தத்தை மூடிவிடும். இங்கே மேடையில் ஒருவர்தான், அதிலும் நீண்ட மௌனங்கள் உண்டு. மொத்த அரங்கும் வாசலைத் திரும்பிப் பார்க்கும். எழுந்தவர் கூசிப்போய் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்.

யாரும் கேட்காமலே ஒத்திகையின்போது இதைக் கவனித்தவர் காவலாளி ஐயா. கீலின் முளையைக் கொஞ்சம் மேலே தட்டி எண்ணெய் விட்டு, கதவைப் பலமுறை ஆட்டி, வழிந்ததைத் துடைத்தார் (துடைக்காவிட்டால் வருகிறவர் உடையில் கறைதான்). தாழ்ப்பாளின் நாக்கை உள்ளே தள்ளி டேப் ஒட்டியதில் ‘டக்’ சத்தம் போயிற்று. கதவு வந்து மோதும் இடத்தில் மடித்த துணி. வராந்தா டியூப் லைட் கதவு திறந்ததும் நேரே மேடையில் அடிக்கும். அதை அணைத்துவிட்டு, ஒரு சின்ன விளக்கைத் தரையில் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவசர வழி விளக்கை மட்டும் தொடவில்லை, அது எரிந்தே ஆக வேண்டும். பிறகு நாடகம் முழுக்கக் கதவோரம் ஸ்டூலில் இருந்தார். யாராவது எழுந்தால் திறந்துவிடுவார், ஒரு வார்த்தை கேட்க மாட்டார். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஒரு தரப்புக்கு மஞ்சள், மறு தரப்புக்கு நீலம் என்ற யோசனையை மறுத்து, இருவருக்கும் ஒரே வெளிச்சம் வைத்த ஒளியமைப்பாளருக்கு நன்றி. நிறம் பிரித்தால் யார் நல்லவர் என்று விளக்கே தீர்ப்புச் சொல்லிவிடும். முன்வரிசையில் நாடகப் பிரதியோடு இருந்தவருக்கு நன்றி. வசனம் மறந்தால் காப்பாற்ற உடன் நடிகர் இல்லாத மேடை அது. எது மறதி என்று பிரித்தறிய, வேண்டுமென்றே விடும் மௌனங்களைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். தேவைப்பட்ட இடத்தில் முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தார். நாடகம் முடிந்ததும் பார்த்தவர்கள் உட்கார்ந்து பேச நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டவர்களுக்கும், பக்கத்து அறையில் காத்திருந்த மனநல ஆலோசகருக்கும், 15 நிமிட இடைவெளி விட்டே உரையாடலைத் தொடங்கியவருக்கும் நன்றி. ‘நாடகம் எப்படி இருந்தது’ என்று ஆரம்பித்திருந்தால் நடிப்புக்கு மார்க் போடுவதிலேயே நேரம் போயிருக்கும். ‘எந்த இடத்தில் மனம் நின்றுபோனது’ என்று அவர் கேட்டதால்தான் பேச்சு வந்தது.

அந்த வட்டத்தில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஒன்று: நீங்கள் சொன்னவை வட்டத்தோடு நிற்கும். உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு வரியைக்கூடப் பிரதியில் சேர்க்க மாட்டோம். சம்மதம் தந்தாலும் பெயர், தெரு, உறவு எல்லாவற்றையும் மாற்றி, உங்களிடம் படித்துக் காட்டிய பிறகே மேடையேற்றுவோம். வேண்டாம் என்று பிறகு தோன்றினாலும் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம்.