தையல் அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த மூன்று மாதமும் பட்டதை ஊரில் எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும், திரும்ப எழுதத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இப்பவே எழுதிவிடுகிறேன், ஆறப்போட்டால் எழுதவே மாட்டேன்.

அவருடைய துவண்ட வலது கைக்கு ஒரு கையுறை செய்யப் புறப்பட்டேன் அல்லவா, இரும்பும் பற்சக்கரமும் இல்லாமல், காற்று அடித்தால் விரலோடு சேர்ந்து மடங்கும் மென் ரோபோ. பொறியியல் படித்த தலைக்கனம் வேறு. கொழும்பிலிருந்து எடுப்பித்த சிலிக்கோனைக் கலந்து அச்சில் ஊற்றினால் குமிழி, ஊதினால் ஒரு பக்கம் பலூன், மறுபக்கம் வெடிப்பு... சரி, அதை விடுவோம்.

கடைசியில் துணியிலாவது தைக்கலாம் என்று எங்கள் ஒழுங்கைத் தையல் அக்காவிடம் போனேன். படத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, சட்டைக்கு ஏன் கிராஸ் கட் போடுறது எண்டு தெரியுமா?" என்று கேட்டார். நேர் இழையில் வெட்டிய துணி இழுபடாது, மூலைவாட்டில் குறுக்காக வெட்டியது இழுபடும். விரலோடு ஒட்டும் பக்கத்துக்கு நேர்த்துணி, மேல்பக்கத்துக்குக் குறுக்குத்துணி என்று கொஞ்சம் சுருக்கு வைத்துத் தைத்தார். உள்ளே வைத்த டியூபில் காற்று ஏறியதும் இழுபடாத பக்கமாக அது தானாகவே சுருண்டது! நான் வாசித்த கட்டுரைகளிலும் இதே சங்கதிதான், ஆனால் கத்தரிக்கோலை எங்கே வைப்பதென்று ஒன்றிலும் இல்லை.

அடுத்த நாள் கூப்பிடாமலே வீட்டுக்கு வந்தார். "ஐயா, நோகுதா?" என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு விரலையும் அளந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுக்குள்ள இந்தக் கையை எப்பிடி நுழைப்பீங்க?" என்றார். எனக்குப் பதில் இல்லை. துவண்ட விரல் கையுறைக்குள் தானாகப் போகாது, தள்ளினால் மடிந்துவிடும், இவ்வளவு நாளும் அப்பாவின் பக்கத்திலேயே இருந்த எனக்கு அது தோன்றவில்லை. பக்கவாட்டைத் திறந்து வெல்க்ரோ வைத்தார். இந்த வெக்கையில் கை வேர்க்கும் என்று அம்மாவின் பழைய நூல்சேலையை உள்ளே கொடுத்துத் தைத்தார்.

தைக்கும்போது ஜோசப் மெக்கிபன் கதையைச் சொன்னேன். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த இயற்பியலாளர், 1950களில் போலியோவால் முடங்கிய தன் மகளுக்காக, ரப்பர் குழாயைப் பின்னலால் சுற்றிக் காற்றில் இயங்கும் தசை செய்தவர். "பின்னலோ? அப்ப அவரும் எங்கட ஆள்தான்" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி ஓட்டை கண்டுபிடித்துக் காசு வாங்காமல் ஒட்டித் தந்த கிண்ணியா சைக்கிள் கடை நானா, ஆசையில் காற்றை அதிகம் அடிக்கவிடாமல் எங்களை மிரட்டி வைத்த பிசியோ மிஸ், இரவிலும் வந்த ஓட்டோத் தம்பி, சூப்பு அனுப்பிய அயலவர்கள், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. இனி எதைச் செய்ய நினைத்தாலும் கணினியைத் திறக்கமுன் அந்த ஒழுங்கைக்குத்தான் போவேன்.

தைத்த கூலியென்று அக்கா எடுத்தது உடைந்த இரண்டு ஊசியின் காசு மட்டும். நேற்று அவர் வந்தபோது அப்பா கையுறையைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையைத் தானே தூக்கி நீட்டினார். பாதி அவர் உடுத்திருந்த சாரத்தில் ஊற்றுப்பட்டது, மிச்சத்தை அக்கா வாங்கிக் குடித்தார்.