பிறப்புக் கதை சொல்லாத சூப்பர்மேன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர், ஹாலிவுட்டின் ரீபூட் படங்கள் (பழைய நாயகனின் கதையைப் புதிதாக முதலிலிருந்து தொடங்குபவை) எல்லாமே புதிய மொந்தையில் ஊற்றிய பழைய கள்தான் என்று எழுதியிருந்தார். ஸ்பைடர்மேன் விஷயத்தில் அவரை மறுக்க எனக்கு வாயில்லை. 2002ஆம் ஆண்டுப் படத்தில் இறந்த, நாயகனை வளர்த்த அங்கிள் பென், 2012இல் வேறொரு நடிகரின் முகத்தோடு வந்து மறுபடியும் சுடப்பட்டு இறந்தபோது, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால், 2025 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் கன்னின் ‘சூப்பர்மேன்’ படத்தையும் அந்தக் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. 1978ஆம் ஆண்டுப் படமும் 2013ஆம் ஆண்டுப் படமும் நாயகனின் கதையை அவன் பிறந்த கிரிப்டான் கிரகத்திலிருந்தே தொடங்கின. இந்தப் படமோ, முந்நூறு ஆண்டுகளுக்கு முன், முப்பது ஆண்டுகளுக்கு முன், மூன்று ஆண்டுகளுக்கு முன் என்று சில வரிகளைத் திரையில் ஓடவிட்டு, ‘மூன்று நிமிடங்களுக்கு முன் சூப்பர்மேன் முதன்முறையாகத் தோற்றான்’ என்ற இடத்தில் கதைக்குள் நுழைந்துவிடுகிறது. அண்டார்டிகாவின் பனியில் வந்து விழுகிறவன், வாயில் இரத்தம் வழிய, மூச்சுக்குத் திணறியபடி சீழ்க்கை அடிக்கிறான்; ஓடிவரும் நாய் கிரிப்டோ, அடிபட்டவன் என்றும் பாராமல் அவன் மேல் ஏறிக் குதிக்கிறது. அதுவரை “இவன் ஏன் விழுந்தான்?” என்று என்னைத் துளைத்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பேத்தி, அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

பிறப்புக் கதையைக் காட்டாமல் விட்டது நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டுமன்று என்பது பிறகுதான் புரிகிறது. (படம் வந்து நாளாகிவிட்டதால் இதைச் சொல்லலாம்.) கிரிப்டானில் அவனைப் பெற்றவர்கள் அனுப்பிய செய்தியின் முதற்பாதியை மட்டுமே சூப்பர்மேன் கேட்டு வளர்ந்திருக்கிறான், பழுதாகியிருந்த மறுபாதியை வில்லன் லெக்ஸ் லூதரின் ஆட்கள் மீட்டு உலகறிய ஒலிபரப்பும்போது, மண்ணுலகத்தாரை அடக்கி ஆளவே மகனை அனுப்பினார்கள் என்பது வெளிப்படுகிறது. அந்தப் பெற்றோரை உத்தமர்களாகவே அறிந்திருந்த நமக்கும் அந்த இடத்தில் அவனுக்கு விழுந்த அதே அடி விழுகிறது. கதையை முன்பே அறிந்தவர்களுக்குத்தான் அது வலிக்கும். பார்வையாளரின் பழைய நினைவையே கதையின் முடிச்சாக்கிக்கொண்ட படத்தைப் பழைய கள் என்று எப்படித் தள்ளுவது?

குறையே இல்லை என்று சொல்லவில்லை. கிரீன் லேண்டர்ன், ஹாக்கேர்ள், மிஸ்டர் டெரிஃபிக் என்று துணை நாயகர்கள் திரையை அடைத்துக்கொள்கிறார்கள். கடைசி அரை மணி நேரத்தில் நகரம் பிளப்பதும் கட்டடங்கள் சரிவதும் நாம் பார்த்துச் சலித்தவை. ஒரு முத்தக் காட்சி இங்கே தணிக்கையில் வெட்டப்பட்டதில் படம் ஒரு துள்ளுத் துள்ளி நகர்ந்ததை, பேத்தியை அழைத்துச் சென்ற நானே அபத்தமாக உணர்ந்தேன்.

1938இல் வெளியான முதல் காமிக்ஸ் இதழில் சூப்பர்மேனின் பிறப்புக் கதைக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஒரே ஒரு பக்கம். வீடு திரும்பும் வழியில் பேத்தி அதைக் கேட்டாள். பேருந்து இரண்டு நிறுத்தங்களைக் கடப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். கடைசியில் வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போன அந்தப் பெண் யார் என்று கேட்டதற்கு மட்டும், அவள்தான் சூப்பர்கேர்ள், அவளுக்கென்று தனியாக ஒரு படம் வரும் என்று சொல்லிவைத்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி