ஒரு மடக்குக் கத்தி கொண்டு வா, மச்சான்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. விரல் ஆறட்டும் என்று பார்த்திருந்ததில் பதில் சுணங்கிவிட்டது. இப்போதுதான் பேனை பிடிக்க முடிகிறது. இங்கே கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது, பத்து மணிக்குப் பிறகு வெளியே தலைகாட்ட ஏலாது. மூத்தவள் இரண்டாவது பிள்ளையோடு வந்து நிற்கிறாள். படுவான்கரையில் சின்னப்போகம் விதைத்தாயிற்று. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்கு வருகிறாய் என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

என்ன கொண்டு வர என்று கேட்டிருந்தாய். ஜக்கெற் வேண்டாம், சென்ற் வேண்டாம். ஒரு மடக்குக் கத்தி போதும். அதுவும் விலை கூடினது வேண்டாம்.

விரல் வெட்டுப்பட்ட கதையைச் சொன்னால் ஏன் என்று விளங்கும். போன மாதம் ஒரு கடையில் கறுப்புப் பிடியும் தடித்த அலகுமாக ஒரு கத்தி வாங்கினேன். பார்வைக்குப் பட்டாளத்துக் கத்தி. இந்தச் சாதிக் கத்தியில் பிடிக்குள்ளே ஒரு தகடு வில்லாக நின்று, அலகு விரிந்ததும் அதன் அடியில் வந்து முண்டுகொடுக்க வேண்டும். அதுதான் பூட்டு. என்னுடையதில் அந்தத் தகடு ஓரத்தில் மட்டும்தான் தொட்டுக்கொண்டு நின்றது. யூரியாப் பையில் துளை போடக் குத்தினேன், அலகு மடங்கி ஆட்காட்டி விரலில் இறங்கிவிட்டது. நாலு தையல். வாங்கும்போதே விரித்து, விரல்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகைப் பலகையில் அழுத்திப் பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். நீ எந்தக் கத்தி வாங்கினாலும் இதைச் செய்து பார்க்காமல் காசு கொடுக்காதே.

பூட்டு ஒரு பக்கம். எனக்குக் கூடக் கோபம் அந்த அலகின் தடிப்பில்தான். மூன்று மில்லிமீற்றர் தடித்த அலகு மாங்காயை வெட்டாது, ஆப்பு மாதிரிப் பிளக்கும். தக்காளியை நசுக்கும். நான் ஒரு நாளில் என்னத்தை வெட்டுகிறேன்? பசளைப் பையின் தையல் நூல், நைலோன் கயிறு, வாழை நார், பேரனின் பென்சில், பின்னேரம் ஒரு மாம்பழம். இவ்வளவுக்கும் மெல்லிய அலகுதான் வேண்டும். கத்தி வெட்டுவது தடிப்பால் அல்ல.

நீ சொன்ன சிவப்புச் சுவிஸ் கத்தி நல்ல சாமான்தான். 1891 இலிருந்தே அந்த நாட்டுப் படைக்குக் கத்தி செய்து கொடுத்த ஆட்கள். ஆனால் சட்டைப்பை அளவில் வருகிற கத்திகளில் அநேகமானவற்றில் அலகுக்குப் பூட்டு இல்லை. கத்தரிக்கோலும் திருகியும் தக்கைத் திறப்பானும் எனக்கு எதற்கு? அந்த இடுக்குகளில் கல்லடி மணல் போய் நிறைந்துவிடும்.

எனக்கு வேண்டியது நீ இருக்கிற பிரான்ஸ் நாட்டுச் சாமான். ஒப்பினெல், எட்டாம் நம்பர். 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடிப் பக்கம் உப்பேறின கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் போகும்போது எனக்கு ஒன்று தந்துவிட்டுப் போனார் என்று அப்போது எழுதியிருந்தேனே, அதே கத்தி. பதினைந்து வருடத்துக்கு மேல் பாவித்தேன். பிறகு பழைய பாலத்தில் நின்று தூண்டிலுக்கு இறால் வெட்டும்போது கை வழுக்கி வாவிக்குள் போய்விட்டது. நாம் இருவரும் நிலவில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் வைத்து மீன் பாடுகிறதா என்று காது கொடுத்தோமே, அந்த இடத்துக்கு நேரே. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1890 இல் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்ற கொல்லன் வீட்டுப் பிள்ளை, பதினெட்டு வயதில் செய்த கத்தி அது. பீச் மரப் பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி. 1955 இல் கழுத்தில் ஒரு வளையம் சேர்த்தார்கள். அலகை விரித்து வளையத்தைத் திருப்பினால் அலகின் அடியை மறித்துக்கொள்ளும். பிறகு அமர்த்தினாலும் மடங்காது. அலகு எட்டரைச் சென்ரிமீற்றர், தடிப்பு இரண்டு மில்லிமீற்றரும் வராது. சட்டைப்பையில் கிடப்பதே தெரியாது. கையால் அடித்த கத்தியல்ல, தொழிற்சாலைச் சாமான்தான். அதனால்தான் மலிவு. அந்த மலிவுக்காக அலகில் அவர்கள் குறை வைக்கவில்லை.

இரண்டு வகை இருக்கிறது, கவனமாகப் பார்த்து எடு. ‘கார்போன்’ என்று எழுதினது ஒன்று, ‘இனொக்ஸ்’ என்று எழுதினது மற்றது, அது இலேசில் துருப்பிடிக்காத உருக்கு. என் பழைய கத்தி கார்போன். தீட்டுக்கல்லில் பத்து இழுவையில் கூர் ஏறிவிடும், மனசு இன்னும் அதில்தான் கிடக்கிறது. தேசிக்காயும் மாங்காயும் பட்டு அலகு சாம்பல் நிறமாகும், அதில் குறையில்லை. ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள். இந்த உப்புக் காற்றில் ஒரு இரவு துடைக்காமல் வைத்தால் காலையில் செந்துரு. எனக்கும் வயது போகிறது, துடைக்க மறந்துவிடுகிறேன். அதனால் இனொக்ஸ் எடு. கூர் ஏற்றக் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

மாரியில் மரப்பிடி ஈரம் குடித்து வீங்கி அலகை இறுக்கிவிடும். வளையத்தைத் திறந்து பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு எட்டிப்பார்க்கும். அந்தப் பிரெஞ்சுக்காரர் காட்டித் தந்த வித்தை. மறுகா நான் மாரிக்கு முன்னமே வஸ்லின் பூசி வெயிலில் வைத்துவிடுவேன். ஆணிக்கு ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய். தேங்காயெண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகிவிடும்.

வாங்கினதும் வீட்டில் வை, பொக்கெற்றில் போட்டுக்கொண்டு பாரிஸ் லாச்சப்பலில் திரியாதே, அங்கே பொலிஸ் கேட்கும். பிளேனில் கைப்பையில் வைக்காமல் பெரிய சூட்கேசில் வை. இங்கே வந்து கைக்குக் கையும் தராதே. உன் அம்மா அதை ஒருநாளும் விட்டதில்லை. மேசையில் வை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

தங்கச்சியின் முழங்கால் நோவு எப்படி? கூட வருகிறாவா? எந்த நாள் பிளேன் என்று எழுது, கட்டுநாயக்காவுக்கு வான் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

உன் கூட்டாளி